பட்டுப் புடவையும் கட்டைக் குரலும்

குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோவில் தசராவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நேர்த்திக்கடனுக்காக ராஜா, குறவன், போலீஸ்காரர், காளி என்று ஆளுக்கொரு வேஷம் கட்டி, மேளதாளத்துடன் கூட்டம் கூட்டமாக வருவார்கள். காளியின் வாயிலிருந்து கனத்த ஆண் குரல் வந்தால் அங்கே யாரும் திடுக்கிடுவதில்லை. வேஷம் வேறு, குரல் வேறு என்பது ஊருக்கே தெரியும்!

ஆனால் 1969-ல், சென்னை மவுண்ட் ரோடு ஸஃபையர் தியேட்டரின் கீழ்த்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதிக்கு வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பாட்டோ மேல்நாட்டுப் பாட்டு. பாடகியோ புடவை கட்டிய தமிழ்ப் பெண். குரலோ, கிணற்றுக்குள்ளிருந்து எழுவது போன்ற கட்டைக் குரல்!

அவர்தான் உஷா உதுப். 1947 நவம்பரில் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடத்தில், "இந்தக் குரல் ஒத்துவராது" என்று சங்கீத வகுப்பிலிருந்தே அனுப்பிவிட்டார்களாம். அவர் முறையாகச் சங்கீதம் பயின்றதில்லை. வீட்டு ரேடியோதான் குரு. அதில் கர்நாடகமும் ஹிந்துஸ்தானியும் மேல்நாட்டு இசையும் மாறி மாறி ஒலிக்கும்.

சென்னையிலிருந்து கல்கத்தா பார்க் தெருவிலுள்ள 'டிரிங்காஸ்' உணவு விடுதிக்குப் போனார். அந்த நகரமே அவருக்கு வீடாயிற்று. அவருடைய பெரிய பொட்டில் 'க' என்ற வங்காள எழுத்தைக் காணலாம். கல்கத்தாவின் முதல் எழுத்து அது.

அமெரிக்கக் கறுப்பு மக்கள் தேவாலயங்களில் நெஞ்சுருகப் பாடியதிலிருந்து பிறந்தது 'ஸோல்' என்னும் ஆத்ம சங்கீதம். அது கடல் தாண்டியும் போயிற்று. ஜப்பானில் ட்ஸுஷிமா தீவோடு தொடர்புடைய மிஸியா 1998-ல் அந்தப் பாணியில் பாட வந்தார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் தேசிய கீதமே பாடினார். நம் உஷாவோ ஜாஸ், பாப் என்று எதையும் விடவில்லை. நைரோபியில் ஸ்வாஹிலி மொழியிலும் பாடினார்.

சோதனை வராமல் இருக்குமா? 1980-களின் தொடக்கத்தில், மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, "இது கலாசாரச் சீரழிவு" என்ற கருத்தில் அரசாங்க அரங்கில் உஷாவின் கச்சேரிக்குத் தடை போட்டார். பிழைப்பே பாட்டுதான், இன்று ஓர் அரங்கு மூடினால் நாளை எத்தனை அரங்குகள் மூடுமோ! உஷா ஊரை விட்டு ஓடவில்லை; கோர்ட்டுக்குப் போனார். வென்றார்.

சினிமாவும் அவரைத் தேடி வந்தது. 1990-ல் வெளிவந்த 'அஞ்சலி' படத்தில், இளையராஜா இசையில் அவர் பாடியதைக் கேட்காத தமிழர் குறைவு. 2012-ல், அறுபத்து நான்காம் வயதில், ஒரு ஹிந்திப் பாட்டுக்காக ரேகா பரத்வாஜுடன் சேர்ந்து பிலிம்பேர் பரிசு பெற்றார். 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண்.

இத்தனைக்கும் அவர் பட்டுப் புடவையையும் விடவில்லை, குரலையும் மாற்றவில்லை. பெண் என்றால் குயில்போல் மேல் ஸ்தாயியில்தான் பாட வேண்டும் என்று யார் விதித்தது? உங்கள் வீட்டுப் பெண் கட்டைக் குரலில் பாடினால், "வாயை மூடு" என்று சொல்லுமுன் ஒரு நிமிஷம் கேளுங்கள். அடுத்த பாட்டையும் பாடச் சொல்லத் தோன்றினாலும் தோன்றும்!