தாய்மார் நலன்: ஆய்வு மேசையில் நமக்கும் ஓர் இடம்

கருவுற்ற பெண் ஒருவர் மருத்துவமாதுவை முதன்முதலில் சந்திக்கும்போது நிரப்பப்படும் படிவத்தில் இனப் பின்னணி பற்றிய வினா ஒன்று உண்டு. இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் எனக் கட்டங்கள் இருக்கும். சென்னையிலிருந்து வந்தவர் ‘இந்தியர்’ என்பதில் அடையாளமிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தவர் சற்றுத் தயங்கி, ‘வேறு ஆசியப் பின்னணி’ என்பதில் அடையாளமிடுவார். “இதை ஏன் கேட்கிறீர்கள்? இதை வைத்து எங்களை வேறுவிதமாக நடத்துவீர்களோ?” என எம்மிடம் வினவுவோரும் உளர். அந்த ஐயம் நியாயமானது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பேறுகாலத் தாய் மரணங்களை, பெயர் வெளியிடாது ஆராயும் முறை 1952இல் தொடங்கியது. இன்று பிரித்தானியா முழுவதற்கும் அப்பணியை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வழிநடத்தப்படும் ‘எம்பிரேஸ்’ குழு மேற்கொள்கிறது. 2014 முதல் 2016 வரையான மரணங்களை அக்குழு ஆராய்ந்தபோது, வெள்ளையினத் தாய்மாரைவிடக் கறுப்பினத் தாய்மார் ஐந்து மடங்கும், ஆசியத் தாய்மார் ஏறத்தாழ இரு மடங்கும் இறப்புக்கு உள்ளாகியிருந்தமை தெரியவந்தது. 2020 முதல் 2022 வரையான காலத்தில் அவை முறையே ஏறத்தாழ மூன்று மடங்கு, 1.7 மடங்கு எனக் குறைந்தன. எனினும் இடைவெளி மறைந்துவிடவில்லை. இவ்வெண்களைக் கண்டு எவரும் அஞ்சத் தேவையில்லை. பேறுகால மரணம் இந்நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 13 பேர் என்ற அளவில் நிகழும் அரிய நிகழ்வே. ஆயினும் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லாதிருந்தால் இந்த வேறுபாடு எவர் கண்ணுக்கும் புலப்பட்டிராது.

எண்ணிக்கை ஏற்றத்தாழ்வைக் காட்டும். அதன் காரணத்தைச் சொல்லாது. அந்த ‘ஐந்து மடங்கு’ என்பதையே பெயராகக் கொண்டு, 2019இல் கறுப்பினத் தாய்மார் இருவர் ‘ஃபைவ் எக்ஸ் மோர்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் பிறருடைய ஆய்வுக்குக் காத்திராமல், கறுப்பினப் பெண்களின் மகப்பேற்று அனுபவங்களைத் தாமே திரட்டினர். 1,300க்கும் மேற்பட்டோர் விடையளித்தனர்; அறிக்கை 2022இல் வெளிவந்தது. வலியைச் சொன்னபோது நம்பப்படாமை, கவலையைத் தெரிவித்தபோது பொருட்படுத்தப்படாமை போன்றவை அதில் பேசப்பட்டன. மருத்துவக் கோப்புகளை எத்தனை முறை புரட்டினாலும் இவை கிடைக்கமாட்டா. ஏனெனில் கோப்பை எழுதியவர்கள் மருத்துவப் பணியாளர்களாகிய நாங்கள்.

நிறம் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பிடும் ‘அப்கார்’ முறை 1953இல் வெளியானது. உடல் முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தால் நிறத்துக்குரிய முழுப் புள்ளியும் வழங்கப்படும் என்பது அதன் விதி. மாநிறக் குழந்தைக்கு அது எவ்வாறு பொருந்தும்? பல பத்தாண்டுகள் உலகெங்கும் கையாளப்பட்ட இம்முறையையும், தோலின் நிறத்தைப் பார்த்து மஞ்சட்காமாலையை அறியும் வழக்கத்தையும், தேசிய சுகாதார சேவையின் இன, சுகாதாரக் கண்காணிப்பகம் மீளாய்வு செய்து 2023இல் அறிக்கை வெளியிட்டது. பெற்றோரின் அனுபவங்களும் அதில் கேட்டறியப்பட்டன. கருமை அல்லது மாநிறம் கொண்ட குழந்தைகளிடம் நிறத்தை மட்டும் நம்புவது பிழைக்கு இடமளிக்கும் என்பதே அதன் முடிவு. உங்கள் குழந்தைக்கு மஞ்சட்காமாலை உண்டோ என ஐயுற்றால், கண்ணின் வெண்பகுதி, வாயின் உட்புறம், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பாருங்கள், மருத்துவமாதுவிடமும் காட்டுங்கள்.

இனித் தமிழ்த் தாய்மாரிடம் வருவோம். இந்நாட்டில் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டோர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆனால் ‘ஆசியர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர்களும் கரைந்துவிடுகின்றனர். அதனால் விடுபடும் வினாக்கள் பல.

எடுத்துக்காட்டாக ஒன்று. அண்மைய அறிக்கையின்படி, தாய் மரணங்களின் முதன்மைக் காரணம் நாளங்களில் குருதி உறைதல். பிரசவத்தின் பின் ஆறு வாரங்கள் வரை அந்த ஆபத்து கூடுதலாக இருக்கும். அசையாது படுத்திருத்தலும் உடலில் நீர் குறைதலும் அதனை மிகுவிக்கும். தமிழ் வீடுகளில் அதே காலத்தில்தான் 31 நாள் ஓய்வு கடைப்பிடிக்கப்படுகிறது. தண்ணீரை அளந்து கொடுக்கும் மாமியார்களும் இருக்கிறார்கள். சரக்குக் கறியையும் வெந்நீர்க் குளியலையும் நாங்கள் குறைகூறவில்லை. அந்த அரவணைப்புக் கிட்டாது தனித்துத் தவிக்கும் தாய்மாரையும் பார்த்திருக்கிறோம். ஓய்வையும் நடமாட்டத்தையும் எவ்வாறு இணைப்பது என்னும் வினா, அந்த 31 நாளை அனுபவித்த தாய்க்கு இயல்பாக எழும். அந்த அறைக்குள் சென்றிராத ஆய்வாளருக்கு எழுவது அரிது.

ஆகவேதான் ஆய்வில் சமூகத்தைப் பங்காளியாக்க வேண்டும் என்கிறோம். ஆய்வு முடிந்தபின் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் பெயர்த்துத் தருவது பங்காண்மை ஆகாது. எதை ஆராய்வது, எவ்வாறு கேட்பது, முடிவை யாரிடம் கொண்டுசெல்வது என்பவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் தாய்மாருக்கு இருக்கை வேண்டும். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியமும் வேண்டும். ஆங்கிலம் அறியாதவர்களைச் சேர்க்காமலே நடத்தப்படும் ஆய்வுகள் இன்றும் உள்ளன.

எம்மிடமும் குறை உண்டு. அவசரத்தில், கணவரையோ மூத்த மகளையோ மொழிபெயர்க்க விட்டிருக்கிறோம். கணவர் அருகில் இருக்கையில் ஒரு பெண் எதைச் சொல்லாது விடுவார் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை. சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே கேளுங்கள்.

இங்கிலாந்தில் மகப்பேற்றுச் சேவைகளைப் பயன்படுத்துவோரும் அவற்றை நடத்துவோரும் ஒன்றாக அமரும் ‘மகப்பேறு, பச்சிளங்குழந்தைக் குரல்கள் கூட்டமைப்பு’ இயங்கிவருகிறது. அதில் சேர மருத்துவ அறிவு தேவையில்லை. அண்மையில் பிரசவித்தவர், கர்ப்பிணி, அவர்தம் துணைவர் எவரும் சேரலாம். உங்கள் மருத்துவமாதுவிடம் கேட்டால் தொடர்பு விவரம் தருவார்.

ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால், அன்று 31ஆம் நாட் சடங்கே ஆனாலும் காத்திராது உடனே உதவி நாடுங்கள். மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சுவலிக்கும் 999 என்ற எண்ணை அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் ‘தமிழ்’ என்ற சொல்லை மட்டும் கூறுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்க வழி உண்டு.