கை குணமானால் போதுமா?



வறுமையால் ஊனம் வருகிறதா, ஊனத்தால் வறுமை வருகிறதா என்று எங்களிடம் சிலர் கேட்பதுண்டு. இரண்டும் உண்மையே. உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர் ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தெரிவித்தது. அவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருக்கிறார்கள். இதைத் தொழுநோயைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவதால் கையில் உணர்ச்சி போய்விடுகிறது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாலும் வலி தெரியாது. வசதியுள்ளவர் புண் ஆறும்வரை ஓய்வெடுப்பார். கூலிக்காரரோ மறுநாளே மண்வெட்டி பிடிக்க வேண்டும். புண் புரையோடி, எலும்பைத் தொட்டு, விரல் குறைகிறது. விரல் போனால் வேலை போகிறது. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கையில் படும் காயங்களாலேயே அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். ஆனால் குணமடைந்து போன சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள்: இந்தக் கையைப் பார்த்து எவரும் பிச்சை போடுவதில்லை, வேலையும் கொடுப்பதில்லை! ஆகவே அவர்கள் தங்கித் தொழில் கற்க கல்லூரி வளாகத்திலேயே ஓர் இடம் உண்டாயிற்று.

இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 அல்லது 12 மாதங்களில் நோய் குணமாகும். நரம்பு கெடுமுன் வந்தால் ஊனத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கெட்ட பின் வந்தால் கிருமி சாகும், போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. அப்படியிருந்தும் ஏன் தாமதிக்கிறார்கள்? ஒருநாள் கூலி போகும், பஸ்ஸுக்குப் பணமில்லை, ஊரார் ஒதுக்குவார்களோ என்ற பயம். மருந்து இலவசம்தான், ஆனால் வந்து சேருவது இலவசமல்ல.

ஆகையால் பஸ் கட்டணத்துக்கும், பாதத்தைக் காக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்புக்கும், ஒரு தையல் மிஷினுக்கும் நீங்கள் கொடுக்கும் காணிக்கை மருந்துக்குக் கொடுப்பதைவிடக் குறைந்ததல்ல. காணிக்கை கொடுக்க இயலாதவர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவிலோ சபையிலோ எவருக்காவது உணர்ச்சியற்ற தேமல் இருப்பதாகத் தெரிந்தால், அன்பாய்ப் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடவே அழைத்துச் செல்லுங்கள். ஒரு குடும்பத்தின் பிழைப்பை அந்த ஒரு நடை காப்பாற்றலாம்.