காசு கொடுத்து லத்தி அள்ளுகிறவர்கள்

பழனி மலைப் பக்கம் – 17

பூண்டுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகள் வந்து வரப்பில் உட்கார்ந்தாள். கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டாள். வேலையில் சேர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

"சித்தப்பா, தாய்லாந்துல ஒரு யானைக் காப்பகம் இருக்கு. ஒரு வாரம் அங்கேயே தங்கி வேலை பார்க்கலாம். பணம் நாமதான் கட்டணும்."

"என்ன வேலை?"

"லத்தி அள்ளணும். சோளத்தட்டை வெட்டணும். பழம் கழுவணும்."

மேல் பாத்தியில் நின்ற அவள் அப்பா காதில் இது விழுந்துவிட்டது. "நம்ம கொட்டத்துல நாலு மாடு நிக்குது. ஒரு நாளு சாணி அள்ளியிருப்பியா? அதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போறியாக்கும்!" என்றார்.

மூவரும் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது சிரித்துத் தள்ளிவிடுகிற கேள்வி இல்லை. காசு கொடுத்து யானை லத்தி அள்ள உலகம் முழுவதிலுமிருந்து ஆள் போகிறார்கள். தாய்லாந்தின் சியாங் மாய், இலங்கை, நம் நாட்டு மதுரா என்று பட்டியல் நீளும். அது சேவையா, சுற்றுலாவா, இரண்டும் கலந்த ஒன்றா? அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

தாய்லாந்தில் இத்தனை யானைகள் எப்படி அநாதையாயின என்பதைச் பழனி மலைச் சரிவில் விவசாயம் செய்கிற எங்கள் வில்பட்டிக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. 1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் பேய்மழை. மரம் வெட்டி மொட்டையாக்கிய மலைச்சரிவுகள் பெயர்ந்து இறங்கின. வெட்டிப் போட்ட கட்டைகளும் சேற்றோடு உருண்டு வந்து ஊர்களை மூடின. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். 1989 ஜனவரியில் காட்டில் மரம் வெட்டுவதையே அந்த அரசு தடை செய்தது. சரியான முடிவுதான். ஆனால் அதுவரை கட்டை இழுத்துக்கொண்டிருந்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் வேலை இல்லாமல் போனது.

வேலை போன மனுஷன் நாலு இடத்தில் கேட்டுப் பார்ப்பான். வேலை போன யானை மறுநாள் காலையிலும் நூறு, நூற்றைம்பது கிலோ தின்றாக வேண்டும். பாகன்கள் யானையை ஓட்டிக்கொண்டு பாங்காக் தெருக்களுக்குப் போனார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தைச் சுற்றுலாப் பயணியிடம் விற்று, அதை யானைக்கே ஊட்டச் சொன்னார்கள். பிறகு முதுகில் பலகை கட்டிச் சவாரி, தும்பிக்கையில் தூரிகை கொடுத்து ஓவியம், பந்தாட்டம். கேட்டதையெல்லாம் செய்ய யானை பழக வேண்டும். எப்படிப் பழக்கினார்கள் என்பது தனிக் கதை. குட்டியை மரச்சட்டத்துக்குள் அசையவிடாமல் கட்டி, பட்டினி போட்டு, குத்திக் குத்தி அதன் மனதை உடைப்பது ஒரு பழைய முறை. மேலே சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சியாங் மாய்க்கு வடக்கே மே தேங் பள்ளத்தாக்கில் இப்படி உடைக்கப்பட்ட யானைகளை வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் லெக் என்கிற சங்துவன் சைலெர்ட். 'லெக்' என்றால் தாய் மொழியில் 'சின்னது'. ஆளும் குள்ளமான பெண்மணிதான். 1990-களில் தொடங்கிய அவருடைய எலிஃபன்ட் நேச்சர் பார்க்கில் இன்று நூறு யானைகளுக்கு மேல் இருக்கின்றன. அங்கே வந்து சேர்ந்த யானைகளில் ஒன்று ஜோக்கியா. கட்டை இழுத்துக்கொண்டிருந்தபோதே சரிவில் குட்டி போட்டது. குட்டி உருண்டு செத்துப்போனது. அதற்குப் பிறகு ஜோக்கியா வேலை செய்ய மறுத்தது. வழிக்குக் கொண்டுவருவதற்காகக் கவண்கல்லால் அடித்ததில் ஒரு கண் போனது. பிறகு மற்றதும் போனது. காப்பகத்துக்கு வந்த குருட்டு யானைக்கு மே பெர்ம் என்ற இன்னொரு பெண் யானை தானாகவே துணையாகி, பல வருஷம் வழி காட்டிக்கொண்டு கூடவே நடந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும் யாருக்கும் அந்த யானையைத் தொட்டுத் தடவத்தான் தோன்றும். காசு கட்டி வருகிறவர்களும் பாதி அந்த ஆசையில்தான் வருகிறார்கள். வந்தபின் கையில் கிடைப்பது மண்வெட்டியும் தள்ளுவண்டியும். ஒரு யானை ஒரு நாளைக்குப் போடும் லத்தி நூறு கிலோ வரைகூட இருக்கும். பூசணியும் தர்பூசணியும் லாரியில் வந்து இறங்கும். கழுவி அடுக்க வேண்டும். பல் தேய்ந்த கிழட்டு யானைக்குக் கட்டைத் தீவனம் ஆகாது. யானைக்குக் கடைவாய்ப் பல் வாழ்நாளில் ஆறு முறைதான் முளைக்கும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் மனிதன் பிசைந்து கொடுக்கும் உருண்டையில்தான் இருக்கிறது. பழத்தின் தோலை உரித்து, சோற்றோடு பிசைந்து உருட்டிக் கொடுக்க வேண்டும். வருஷக்கணக்காகச் சிமென்ட் தரையில் நின்ற யானைக்குப் பாதம் வெடித்துச் சீழ் வைத்திருக்கும். முன்காலில் ஐந்தும் பின்காலில் நாலும் உள்ள நகங்களை அரத்தால் ராவி, மருந்து நீரில் பாதத்தை ஊற வைப்பதெல்லாம் பழகிய ஆட்கள் வேலை. நேற்று வந்த தொண்டருக்கு அதற்கு வெந்நீர் சுமக்கிற பாக்கியம் கிடைத்தால் உண்டு.

பெண்ணின் முகம் கொஞ்சம் வாடியது. "அப்ப யானையத் தொடவே விட மாட்டாங்களா?"

விடாத இடம்தான் நல்ல இடம் என்றேன். அதற்கு ஒரு கதை சொன்னேன்.

கென்யாவின் சாவோ காட்டில் டாஃப்னி ஷெல்ட்ரிக் என்ற பெண்மணி தாயில்லாத குட்டிகளை வளர்த்தார். பிறந்து சில நாளே ஆன குட்டியைப் பிழைக்க வைப்பது அப்போது யாராலும் ஆகாத காரியம். மாட்டுப்பாலின் கொழுப்பு யானைக் குட்டிக்குச் செரிக்காது. பல குட்டிகளை இழந்த பிறகு, 1974-ல் ஆயிஷா என்ற குட்டிக்குத் தேங்காய் எண்ணெய் கலந்த பால்மாவைக் கொடுத்துப் பார்த்தார். குட்டி தேறியது. டாஃப்னி எங்கே போனாலும் பின்னாலேயே போனது. ஆறு மாதம் கழித்து மகள் கல்யாணத்துக்காக டாஃப்னி சில நாள் ஊருக்குப் போக வேண்டி வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுத்தான் போனார். ஆயிஷா பால் குடிக்க மறுத்தது. அவர் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் இறந்துபோனது. பாலுக்குக் குறைவில்லை, ஆள்தான் இல்லை. அதற்குப் பிறகு அங்கே எந்தக் குட்டியையும் ஒரே ஆளிடம் ஒட்டவிடுவதில்லை. பராமரிப்பாளர்கள் முறை வைத்து மாறி மாறிக் குட்டிகளுடனேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

யோசித்துப் பார். ஏழு நாள் வந்து கொஞ்சிவிட்டு எட்டாம் நாள் விமானம் ஏறுகிறவரால் குட்டிக்கு என்ன ஆகும்?

இலங்கையில் உடவளவையில் 1995-ல் தொடங்கிய யானைக் குட்டிகள் இல்லம் இந்த விஷயத்தில் இன்னும் கறார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புனல் வழியாகப் பால் ஊட்டுவார்கள். பார்வையாளர் தள்ளி மேடையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். வளர்ந்ததும் கூட்டமாகச் சேர்த்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். 1998-லிருந்து இது நடக்கிறது. மனித வாசனை பழகிவிட்ட குட்டி நாளைக்கு ஊருக்குள் வந்து நிற்கும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. அதே நாட்டில் 1975-ல் அநாதைக் குட்டிகளுக்காகவே தொடங்கியது பின்னவல. பெயர் இன்றும் அநாதை இல்லம்தான். ஆனால் 1980-களிலிருந்து அங்கேயே குட்டிகள் பிறக்கின்றன. பிறந்து வளர்ந்தவற்றில் சில கோயில்களுக்கும் போயிருக்கின்றன. ஆற்றில் குளிக்கப் போகும் யானைக் கூட்டத்தைப் பார்க்கக் கடைகளும் ஓட்டல்களும் வரிசை கட்டி நிற்கின்றன. பார்க்க அழகுதான். மீட்பு என்ற சொல்லை அதற்கு நான் தர மாட்டேன்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அவளை நாலு கேள்வி கேட்கச் சொன்னேன். சவாரி உண்டா? சுற்றுலாப் பயணி ஆற்றில் இறங்கி யானையைக் குளிப்பாட்டுவது உண்டா? குட்டிகள் அங்கேயே பிறக்கின்றனவா? ராத்திரி யானை எங்கே நிற்கிறது, எத்தனை அடிச் சங்கிலியில்? இதற்கு மழுப்பினால் அது காப்பகம் இல்லை, பலகை மாற்றிய சர்க்கஸ்.

நல்ல இடமாக இருந்தால் கட்டுகிற பணம் வீண் இல்லை. மரம் இழுத்துச் சம்பாதிக்காத, சவாரி போகாத யானைக்கு யாரோ ஒருவர் தீனிக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். லத்தி அள்ளுவது சாக்கு. கட்டுகிற பணம்தான் சேவை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆபத்தில் யானையோடு நிற்பவர்கள் வேறு ஆட்கள். 2024 அக்டோபரில் மே தேங் ஆறு பெருகி லெக்கின் காப்பகத்துக்குள் புகுந்தது. ஏறக்குறைய நூறு யானைகளை மேட்டுக்கு ஏற்றினார்கள். இரண்டு யானைகளை வெள்ளம் கொண்டுபோனது. அதில் ஒன்று குருடு. அந்த ராத்திரி கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள் அங்கேயே கிடக்கிற ஆட்கள்.

அங்கேயே கிடக்கிற ஆள் என்றதும் எனக்கு முதுமலையின் தெப்பக்காடு யானை முகாம் ஞாபகம் வந்துவிடுகிறது. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியபின், அந்த முகாமில் குட்டி வளர்த்த பொம்மனையும் பெள்ளியையும் தெரியாதவர் இல்லை. ரகு, அம்மு என்ற இரண்டு குட்டிகளையும் பிள்ளை போலப் பார்த்தார்கள். ஊரே கொண்டாடியது. அதே பெள்ளி அதுவரை தற்காலிகப் பணியாளர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2023 ஆகஸ்டில்தான் நிரந்தரப் பணி ஆணை முதல்வர் கையால் கிடைத்தது. தமிழகத்தின் முதல் பெண் காவடி அவர். பாகனுக்கு உதவியாக யானையோடு நடக்கிறவரைத்தான் முகாமில் காவடி என்பார்கள். முருகனுக்கு எடுப்பதைவிட இது ஒன்றும் இலேசான காவடி இல்லை. காசு கட்டி லத்தி அள்ளுகிறவரைத் 'தொண்டர்' என்கிறோம். கூலிக்கு அள்ளி, ராத்திரி குட்டி பக்கத்தில் படுத்து, விடிந்ததும் களி கிண்டுகிறவரை 'தற்காலிகம்' என்கிறோம். இது எனக்கு உறுத்துகிறது.

கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. திருச்சி பக்கம் எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையம் 2019-லிருந்து இருக்கிறது. காஞ்சி காமாட்சி அம்மன் கோயிலில் நின்ற சந்தியா, இந்து, ஜெயந்தி மூவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கல் தளத்தில் நின்ற காலுக்கு மண் கிடைத்தது. அங்கே நாம் போய்த் தொண்டு செய்ய வாசல் திறந்திருக்கவில்லை. அதில் தப்புமில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "தாய்லாந்து யானை கெடக்கட்டும். நம்ம பேத்துப்பாறை யானைக்கு யாரு தொண்டு செய்யறது?"

வில்பட்டி ஊராட்சியில் கீழே இறங்கினால் பேத்துப்பாறை, பாரதி அண்ணா நகர், கணேசபுரம், அஞ்சுவீடு. மலைவாழையும் காப்பியும் பலாவும் உள்ள தோட்டங்கள். வில்பட்டிக்குக் காட்டுமாடு வருவது போல அங்கே யானை வரும். ஒரு ராத்திரியில் ஒரு வருஷ வாழை போய்விடும். தகரம் தட்டி, வெடி போட்டு, டார்ச் அடித்து விரட்டுவார்கள். விரட்டுகிறவர்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உண்டு. அவர்களிலும் பலர் தற்காலிகம்தான்.

சின்னத்தம்பி என்ற காட்டு யானையை நினைத்துப் பாருங்கள். 2019 ஜனவரியில் கோவை தடாகத்தில் பிடித்து, டாப்சிலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவன் நூறு கிலோமீட்டர்போல நடந்து, நம் மலைக்கு வடமேற்கே மடத்துக்குளம் பக்கம் கரும்புக் காட்டில் வந்து நின்றான். யாரையும் கொல்லவில்லை, கரும்புதான் தின்றான். பிப்ரவரியில் மறுபடி மயக்க ஊசி, மரக்கூண்டு, மாதக்கணக்கில் பழக்கல். இன்றைக்கு அவன் முகாம் யானை. காட்டு யானை எப்படிக் 'காப்பாற்றப்பட்ட யானை' ஆகிறது என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் நமக்கு வேண்டாம். பேத்துப்பாறையில் வாழை தின்னுகிற கொம்பனும் இன்னும் நாலு புகார் மனு தள்ளித்தான் நிற்கிறான். வாழைக்கு நஷ்டஈடு நாள் தள்ளாமல் வந்தால் மனு குறையும். மனு குறைந்தால் கூண்டும் வராது. இதற்கு யாரும் பணம் கட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ள முடியாது; அதனாலோ என்னவோ, யாரும் வருவதில்லை.

அவள் தாய்லாந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். நாலு கேள்வியும் எழுதிக் கேட்டாளாம். நேரடியாகப் பதில் வந்ததாம். போய்விட்டு வரட்டும். திரும்பி வந்ததும் கொட்டத்துச் சாணி அவளுடையது என்று அப்பா சொல்லிவிட்டார்.

சீசனுக்கு அஞ்சுவீட்டு அருவி பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேத்துப்பாறைச் சாலையில் யானை நின்றால் வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், கீழே இறங்க வேண்டாம். வாழைப்பழத்தை நீட்டவே வேண்டாம். அது கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)