பத்தலா மன்னனும் ஒரு பயணியின் ஏடும்

ஆரியச் சக்கரவர்த்தி கடற்கொள்ளைக்காரனா, விருந்தோம்பிய வேந்தனா? மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் தொடுத்த வினா இது. இரண்டிற்கும் அவர் காட்டிய சான்று ஒன்றே: மொறோக்கோ நாட்டவராகிய இப்னு பதூதாவின் பயண நூல். செய்தித்தாள் தோன்றாத அக்காலத்தில், ஒரு மன்னனை அயலார் அறிந்தது இத்தகையோர் கூற்றாலேயே ஆம்.

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து மாபார் எனப்பட்ட தமிழகக் கரைக்குப் புறப்பட்ட அவரது மரக்கலத்தைக் காற்று இலங்கையின் மேற்குக் கரைக்குத் தள்ளிற்று. மாலுமிகள் கரையணைய அஞ்சினர். அத்துறைக்குரிய மன்னன் கொடுங்கோலன் என்பதும், அவனுடைய கொள்ளைக் கலங்கள் கடலிற் திரிகின்றன என்பதும் அவர்கள் கூறிய காரணம். பயணியோ துணிந்து இறங்கினார். தாம் மாபார்ச் சுல்தானின் உறவினர் என்று அறிவித்தார். அவ்வொரு சொல் கதவைத் திறந்துவிட்டது.

பத்தலா என அவர் குறிக்கும் தலைநகரைப் புத்தளம் என்றே அறிஞர் கொள்வர். மரமதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த நகர். ஆறுகள் அடித்துவந்த கறுவாமரங்கள் கரையிற் குன்றெனக் கிடந்தன. மாபாரினரும் மலையாளக் கரையினரும் அவற்றை விலையின்றி ஏற்றிச் செல்வர். ஈடாக மன்னனுக்குத் துணியும் பிறவும் அளிப்பர். மன்னன் எழுந்து வரவேற்றுத் தன்னருகே இருத்தினான். மாபார்ச் சுல்தானுக்கும் தனக்கும் நட்பு உண்டென்றான். பாரசீக மொழி அவனுக்கு விளங்கிற்று. முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒருநாள், இவை போன்ற முத்துக்கள் பாரசீகக் குடாத் தீவுகளில் உண்டோ என்று வினவினான். தாம் அங்கே கண்டவை இவற்றிலும் தாழ்ந்தனவே என்றார் பயணி. (மெய்யோ முகமனோ, அறிந்தவர் அவரே!) மகிழ்ந்த மன்னன் முத்துக்களை அவருக்கே ஈந்தான். அவர் வேண்டியதோ ஆதம் பாதமலைத் தரிசனம். பல்லக்கு ஒன்றும், யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், தன் பரிவாரத்தார் பதின்மரும், உணவு சுமக்கப் பதினைவரும் உடன் சென்றனர். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்கு இந்து அரசன் அமைத்த வழித்துணை இது.

இனி அந்த நட்பைப் பார்ப்போம். மாபார்த் துறையில் இம்மன்னனின் கலங்கள் சிறியவும் பெரியவுமாக நூறு வந்து நின்றதைத் தாம் கண்டதாக அதே பயணி எழுதுகிறார். யெமன் செல்லவிருந்த சுல்தானின் எட்டுக் கலங்கள் அங்கே இருந்தன. சுல்தான் ஆட்களைத் திரட்டிக் காவலிட்டார். கைப்பற்ற வழியில்லை என்று கண்ட பின்னர், யெமன் செல்லும் தங்கள் கலங்களுக்குக் காவலாகவே வந்ததாக மன்னனின் ஆட்கள் கூறினராம். வரவேற்புக்கு முன்னதாக இச்செய்தி நூலில் வருகிறது. ஆயினும் பயணி மாபாரை அடைந்தது இலங்கையை விட்ட பின்னரே. ஆகவே இது நட்பு மொழிந்த நாளுக்குப் பிந்தியது என்பது என் துணிபு. எனினும் நட்பைப் பொய்யென்று தள்ள எனக்கு மனமில்லை. கறுவாவும் துணியும் கைமாறிய கடலில், இரு அரசரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர். ஒருவரை ஒருவர் அஞ்சியவருமாவர்.

இந்நூல், பயணம் நிகழ்ந்து பதினோராண்டு கழித்து, 1355இல் பெஸ் நகரில் இப்னு ஜுசையின் கையெழுத்தில் நிறைவெய்தியது. நினைவிலிருந்து சொன்னவற்றில் வழு இருக்கலாம். இம்மன்னனைக் காபிர் என்றே குறிக்கும் பயணி, அவன் பண்பை மறைக்கவில்லை. மதுரைச் சுல்தான் கியாதுத்தீனோ அவருக்கு மார்க்கத்தால் உடன்பிறப்பு, மணவினையாற் சகலன். அச்சுல்தான் பெண்டிரையும் சிறாரையும் கொன்ற கொடுமையையும் அவர் எழுதாது விடவில்லை. அவரை நான் நம்புவதற்கு இதுவே தலையாய காரணம்.

மாணவரிடம் அவ்வதிகாரத்தை முழுதும் படிக்கச் சொன்னேன். அதனோடு நிறுத்தாமற் பிற்பகுதியையும் படிக்கும்படி வேண்டினேன். மேற்குக் கடலில், ஹொன்னாவருக்கருகே, பன்னிரண்டு கொள்ளைக் கலங்கள் பயணியை வளைத்து யாவற்றையும் பறித்தன. இலங்கை மன்னன் அளித்த மணிகளும் அவற்றோடு போயின. அக்கலங்கள் ஆரியச் சக்கரவர்த்தியினுடையன அல்ல.