படகு ஏறிய 74 படிகள்

பத்தாவது மாடிக்குப் போக உங்களுக்கு மின்தூக்கி இருக்கிறது. படகுக்கு?

அமெரிக்காவின் பொட்டோமக் ஆற்றங்கரையில் இந்தக் கேள்வி விளையாட்டாக எழவில்லை. மேரிலாந்து மலைப்பகுதியிலிருந்து வாஷிங்டன் வரை சரக்குப் படகுகள் போய்வர வேண்டும். ஆற்றிலோ வழியெங்கும் பாறைகள், நடுவே பேரருவி வேறு. ஆகவே ஆற்றை ஒட்டியே செசப்பீக்–ஒஹாயோ கால்வாயை வெட்டினார்கள். (பெயரில்தான் ஒஹாயோ. கால்வாய் அந்த ஆற்றை எட்டவே இல்லை.)

கால்வாயின் நீளம் சுமார் 297 கிலோமீட்டர். இரு முனைகளுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 184 மீட்டர். ஒரே சரிவாக வெட்டினால் தண்ணீர் நிற்காது. எனவே படிப்படியாக வெட்டி, படிக்கு ஒரு கல் அறை கட்டினார்கள். அதுதான் ‘லாக்’, அதாவது நீர்ப்பூட்டு. மொத்தம் 74.

கீழிருந்து வரும் படகு அறைக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். முன்கதவின் அடியிலுள்ள சிறு மடைகளைத் திறந்தால் மேல்மட்டத் தண்ணீர் உள்ளே புகும். நீர் உயர உயரப் படகும் உயரும். மோட்டார் இல்லை, பம்பு இல்லை. புவியீர்ப்பு விசை மட்டுமே.

கதவுகளின் அமைப்பைக் கவனியுங்கள். மேல்நீரை நோக்கி முனை நீட்டிய ‘வி’ வடிவில் இரண்டும் சேர்கின்றன. தண்ணீர் தள்ளத் தள்ள அவை இன்னும் இறுகும். இருபுறமும் நீர்மட்டம் சமமான பிறகுதான் திறக்கும். அப்போது நீண்ட மரத்தடியை ஓர் ஆள் தள்ளினாலே போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். அறையின் நீளம் ஏறத்தாழ 30 மீட்டர், அகலம் 4.5 மீட்டர், நீர் உயர்வது 2.4 மீட்டர். பெருக்கினால் 324 கன மீட்டர், அதாவது 3,24,000 லிட்டர்! ஒவ்வொரு முறையும் இவ்வளவு தண்ணீர் மேலிருந்து கீழே போய்விடும். பக்கத்திலேயே ஆறு இருந்ததால்தான் இது கட்டுப்படியானது.

1828 ஜூலை 4 அன்று அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டினார். மண்வெட்டி வேரில் சிக்கியது. அவர் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் வெட்ட, கூட்டம் ஆரவாரித்தது. அதே நாளில் பால்டிமோரில் ஒரு ரயில்பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ரயில் 1842இல் கம்பர்லாந்து நகரை அடைந்தது. கால்வாய் அங்கு போய்ச் சேர்ந்தது 1850இல்!

இருந்தாலும் கோவேறு கழுதைகள் இழுத்த நிலக்கரிப் படகுகள் பல்லாண்டு ஓடின. பூட்டுக் காவலர்கள் குடும்பத்தோடு பக்கத்திலேயே குடியிருந்தார்கள். நள்ளிரவில் படகு வந்தாலும் எழுந்து கதவு திறக்க வேண்டும். 1924இல் தண்ணீர் தந்த அதே ஆறு பெருவெள்ளமாக வந்து கரைகளை உடைத்தது. படகுப் போக்குவரத்து அத்தோடு நின்றது.

பின்னர் அந்தத் தடத்தில் சாலை போடும் திட்டம் வந்தது. 1954இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், “வந்து நடந்து பாருங்கள்” என்று பத்திரிகை ஆசிரியர்களை அழைத்து, கால்வாய் நெடுகத் தாமும் நடந்தார். சாலை வரவில்லை. 1971இல் அந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. பழைய காவலர் வீடுகள் சிலவற்றில் இன்று பயணிகள் இரவு தங்கலாம். படகு வந்து எழுப்பாது.