தீயும் உடலும் – 6: வெப்பமாகிப் போகும் கொழுப்பு

சென்ற வாரம் தோல் ஒட்டுச் சிகிச்சையைப் பார்த்தோம். ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டதும் கண்டம் தாண்டியாயிற்று என்று வீட்டார் மூச்சு விடுகிறார்கள். ஆனால் உடம்பில் 40 சதவீதத்துக்கு மேல் வெந்துபோனவருக்குத் தீ அத்தோடு அடங்குவதில்லை. படுத்த படுக்கையாக இருக்கும்போதே அவர் உடல் வழக்கத்தைப் போல இரு மடங்கு வரை ஆற்றலைச் செலவழிக்கும். ஓய்விலும் நெஞ்சு படபடக்கும். கையும் காலும் நாளுக்கு நாள் மெலியும்.

தோல் போன இடத்தில் நீர் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொண்டு போவதுதான் இதற்குக் காரணம் என்று முன்பு நம்பினார்கள். அதிலும் உண்மை உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி தேவை. ஆனால் அறையைக் கதகதப்பாக வைத்தபோது செலவு குறைந்ததே தவிர, நிற்கவில்லை. 1974இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், அமெரிக்க ராணுவத்தின் அறுவை ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் வில்மோர் குழுவினர் மூல காரணத்தைக் காட்டினார்கள். அது அட்ரினலின் குடும்பத்து ஹார்மோன்கள். ஆபத்து நேரத்தில் சில நிமிடம் சுரந்து அடங்க வேண்டியவை, இவர்களுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடங்காமல் சுரக்கின்றன.

அந்த ஹார்மோன்கள் முதலில் கை வைப்பது கொழுப்பில். கொழுப்புச் செல்களில் உள்ள கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கொட்டுகின்றன. எரிந்து தீராத மிச்சம் மீண்டும் கொழுப்பாகச் சேர்கிறது, மறுபடி உடைகிறது. பயனில்லாத இந்தச் சுழற்சிக்கும் ஆற்றல் செலவாகிறது. ஒரு பங்கு கல்லீரலில் போய்த் தங்கி அதை வீங்க வைக்கிறது. இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் போக, சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை ஏறுகிறது.

இன்னும் வியப்பானது 2015இல் தெரிந்தது. பச்சிளங்குழந்தையின் தோள்பட்டைகளுக்கு இடையே பழுப்புக் கொழுப்பு நிறைய உண்டு. குளிர் தாங்க அது வெப்பம் தரும். பெரியவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஆற்றலைச் சேமிக்கும் வெள்ளைக் கொழுப்பு. டெக்சாஸின் கால்வெஸ்டனிலும் கனடாவின் டொரன்டோவிலும் இரு குழுக்கள் தீக்காய நோயாளிகளின் தோலடிக் கொழுப்பை ஆராய்ந்தபோது, வெள்ளைக் கொழுப்பே பழுப்பின் குணத்துக்கு மாறியிருந்தது. செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகியிருந்தது; ஆற்றலை உடலுக்கு உதவாமல் வெப்பமாக்கிவிடும் யுசிபி1 என்ற புரதமும் கூடியிருந்தது. உடல் பருமனுக்கு மருந்து தேடுவோர் இதே மாற்றத்தை வரவழைக்கத்தான் பாடுபடுகிறார்கள். தீயில் வெந்தவருக்கோ அது இருப்பதையும் பறிக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. வெந்த தோலைச் சீக்கிரமே அகற்றி ஒட்டுப்போடுவது, அறையை 30 டிகிரிக்குக் குறையாமல் வைப்பது, முதல் நாளிலிருந்தே குழாய் வழியாகவாவது ஊட்டுவது ஆகியவை செலவைக் குறைக்கின்றன. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் பழைய, விலை மலிந்த மாத்திரையான ப்ரோப்ரனோலால், அட்ரினலினின் வேகத்தை மட்டுப்படுத்திக் கடுமையாக வெந்த குழந்தைகளின் தசை இழப்பைத் தடுப்பதை 2001இல் கால்வெஸ்டனில் டேவிட் ஹெர்ன்டன் குழு காட்டியது. யாருக்கு அதைத் தரலாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், மீன் தின்றால் புண் ஆறாது என்று சொல்லிப் பத்தியக் கஞ்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்த நிலையில் ஒரு நாளைக்கு 90 முதல் 120 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம். கஞ்சி எந்த மூலைக்கு?

உடல் ஆற்றலை எரிக்கும் இந்த வேகம் வீடு திரும்பிய பிறகு 2, 3 ஆண்டுகள் வரைகூட நீடிக்கலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் முட்டை, மீன், பருப்பு, பால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

(தொடரும்)