தையில் அடைபட்ட வழி

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட நமக்கு, தை மாதத்திலேயே ஒரு மாநகரின் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டுப் போயின என்று கேட்டால் சற்று விசித்திரமாகத்தான் இருக்கும். பனி இறங்கும் அந்த மாதத்தில், கழுத்தில் மாலையணிந்து, காவடியைத் தோள் மாற்றிச் சுமந்து, செட்டிநாட்டுச் சீமையிலிருந்தும் பிற சீமைகளிலிருந்தும் பழனியை நோக்கிப் பாதயாத்திரையாகப் புறப்படும் பக்தர்களுக்குக் கால் கொப்புளமும் வழிநடைச் சோர்வும்தான் இடையூறுகளே தவிர, நடக்கும் பாதையே இல்லாமற் போய்விடுமோ என்ற பயம் கனவிலும் எழுவதில்லை. ஆனால் நமக்குப் பனிக்காலமாகிய தை நடுக்கோடையாக மாறிவிடும் நியூஸிலாந்து தேசத்து ஆக்லந்து நகரில், 2023-ஆம் ஆண்டு அந்தப் பயம் மெய்யாயிற்று.

அவ்வாண்டு ஜனவரி 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மூன்று நாள் விடுமுறையை எதிர்நோக்கி ஊர் உல்லாசமாக இருந்த வேளையில், வானம் பொத்துக்கொண்டது போல மழை கொட்டியது. விமான நிலையத்து மழைமானியில் ஒரே நாளில் 249 மில்லிமீட்டர் பதிவாயிற்று. கணக்கு வைக்கத் தொடங்கிய காலந்தொட்டு அந்நகரம் அப்படியொரு மழைநாளைக் கண்டதில்லை. நால்வர் உயிரிழந்தனர். வீடுகளில் புகுந்த சேற்றை ஜனங்கள் வாரிக் கொட்டி முடிப்பதற்குள் பிப்ரவரி 5-ஆம் தேதி தைப்பூசம் வந்து போயிற்று. பூசத்து முழுநிலவு தேய்ந்து, தை முடிந்து மாசி பிறக்கும் தறுவாயில், கேப்ரியல் என்று பெயரிடப்பட்ட புயல் வடக்கேயிருந்து வந்து சேர்ந்தது. 14-ஆம் தேதி தேசிய அவசரநிலை பிரகடனமாயிற்று. அத்தேசத்தின் சரித்திரத்தில் அது மூன்றாவது முறை. அப்புயலுக்கு நாடெங்கும் பலியானவர்கள் பதினொருவர்.

இவ்விரண்டு மழைகளுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டதுதான் நான் சொல்ல வந்த மலை. ஆக்லந்துக்கு மேற்கே, காரில் ஏறினால் அரைமணிக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் எட்டிவிடும் தூரத்தில், வைத்தாக்கரே மலைத்தொடர் கடலை ஒட்டி எழுந்து நிற்கிறது. 16,000 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பில் அடர்ந்த வனம். ஆதியில் எரிமலைகள் கக்கியவை இறுகி உண்டான பாறைகள். அவற்றைப் பிளந்துகொண்டு இறங்கும் ஓடைகள். ஓடைகள் கடலைச் சேரும் இடங்களில் கருமணல் பரந்த கடற்கரைகள். நகரத்துக் குழாய்களில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இம்மலையின் அணைகளிலிருந்தே வருகிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகளாகிய மாவோரி மக்களில் தே கவெராவ் ஆ மகி என்ற குலத்தாருக்கு இவ்வனம் முன்னோரின் வாசஸ்தலம்.

மலை ஏன் சரிந்தது என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய சாஸ்திரம் எதுவும் வேண்டாம். கடற்கரையில் மணல்வீடு கட்டும் குழந்தைக்குத் தெரிந்த சூத்திரமே போதும். உலர்ந்த மணல் நிற்காது. சிறிது நீர் தெளித்தால் மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கோபுரம் எழும்பும். நீர் மிகுந்துவிட்டாலோ கோபுரம் கூழாகி ஓடிவிடும். சரிவான மலையின் மேல் போர்த்திய மண்ணும் அப்படித்தான். மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தையெல்லாம் நீர் பிடித்துக்கொண்டு, மணிகளை உள்ளிருந்தே விலக்கித் தள்ளும்போது, அடியிலுள்ள பாறையோடு அந்த மண்ணுக்கு இருந்த பிடிப்பு அற்றுப்போகிறது. அதன்பின் மரமும் வேரும் பாதையும் ஒருசேரக் கீழே வழுக்கி வருகின்றன. ஜனவரி மழை அம்மலையின் மண்ணை நனைத்து வைத்துவிட்டது. அது காய்வதற்கு வேண்டிய அவகாசத்தைப் பிப்ரவரிப் புயல் கொடுக்கவில்லை. ஒரே மழையானால் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடிய சரிவுகள்கூட இரண்டாவது மழையில் நெகிழ்ந்து விழுந்தன.

இத்தொடரின் வடகோடியில் உள்ள கடற்கரைக் கிராமத்துக்கு முரிவாய் என்று பெயர். நம் செவிக்குத் தமிழ்ப்பெயர் போலவே ஒலிக்கும் அச்சொல்லில், மாவோரி மொழிப்படி ‘முரி’ என்றால் பின். ‘வை’ என்றால் நீர். பிப்ரவரி 13-ஆம் தேதி இரவு, அவ்வூரின் மேலிருந்த சரிவு பெயர்ந்து வீடுகளின் மேல் விழுந்தபோது, பிறரைக் காப்பாற்றச் சென்றிருந்த தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இருவர் அதில் சிக்கி உயிர் துறந்தார்கள். 1965-ஆம் ஆண்டிலும் இதே ஊரில் மண்சரிவு இருவரைக் கொன்றிருந்தது. ஒரு தலைமுறை மறந்ததை மலை மறக்கவில்லை. இம்முறை அதிகாரிகள், பல வீடுகள் இனிக் குடியிருக்கத் தக்கவையல்ல என்று தீர்மானித்து, அரசாங்கமும் மாநகராட்சியுமாகச் சேர்ந்து அவற்றை விலைக்கு வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தனர்.

அந்த முரிவாயில் முடிவதுதான் ஹில்லாரி நடைவழி. 1953-ஆம் வருஷம் மே 29-ஆம் தேதி டென்சிங் நார்கேயுடன் எவரெஸ்ட் சிகரத்தின் மேல் நின்ற எட்மண்ட் ஹில்லாரி ஆக்லந்துக்காரர். அவர் குடும்பத்துக்கு இம்மலையின் அனாஃபாட்டா என்ற இடத்தில் கடலைப் பார்த்த சிறு குடில் ஒன்று உண்டு. 2008-இல் அவர் காலமானபின், 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் பெயரால் இவ்வழி திறக்கப்பட்டது. அராத்தாக்கி என்னும் இடத்தில் தொடங்கி, ஹூயா, கரேகரே, பிஹா, தே ஹெங்கா என்று காடும் கடலும் மாறி மாறி வரும் எழுபது கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை நான்கு நாட்களில் நடந்து முடிப்பது வழக்கமாக இருந்தது.

கோயில் இல்லாத இந்த நடையை யாத்திரை என்று சொல்லலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். மூட்டையைக் குறைத்துக்கொண்டு, ஊரையும் உத்தியோகத்தையும் சில நாட்கள் மறந்து, நம்மினும் பெரியதொன்றின் எதிரில் நம்மைச் சிறியவராக உணர்ந்துகொள்ளும் பொருட்டு நடக்கும் நடை எதுவும் யாத்திரைதான் என்பது என் அபிப்பிராயம். அன்றியும், யாத்திரைக்கு நாம் விதித்துக்கொள்ளும் நியமங்களைவிடக் கடுமையான நியமம் ஒன்று இவ்வனத்துக்கு உண்டு.

இவ்வனத்தின் சக்கரவர்த்தி கௌரி என்னும் மரம். நூற்றாண்டுகள் பல வாழக்கூடியது; தூண் போல நேராக எழும்பும் அதன் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்கப் பலர் கைகோத்து நிற்க வேண்டியிருக்கும். ஆனால் அத்தனை பெரிய விருட்சத்தின் ஊட்டவேர்களோ மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே மென்மையாகப் படர்ந்திருக்கின்றன. அவ்வேர்களை அழுகச்செய்து மரத்தைப் பட்டுப்போக வைக்கும் கிருமியொன்று, கண்ணுக்குத் தெரியாமல், நடப்பவரின் செருப்பில் ஒட்டிய துளி மண்ணில் ஏறி மரத்துக்கு மரம் பிரயாணம் செய்கிறது. இதையறிந்த தே கவெராவ் ஆ மகி குலத்தார் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் வனத்தின் மீது ‘ராஹுயி’ விதித்தார்கள். ராஹுயி என்பது வெறும் தடையுத்தரவு அன்று. நம் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எல்லை தாண்டாமல் இருக்கிறோமே, அதைப் போன்ற புனிதமானதொரு கட்டு. அடுத்த ஆண்டு மே முதல் தேதியிலிருந்து மாநகராட்சியும் வனப்பகுதிகளை மூடியது. ஆகவே புயல் வருவதற்கு முன்பே ஹில்லாரி நடைவழி முழுமையாக நடக்க இயலாததாகித் துண்டுபட்டுக் கிடந்தது. ஒருபுறம் மரத்தின் நோய்க்காகவும் மறுபுறம் மலையின் காயத்துக்காகவும், ஒரே வழி இருமுறை அடைபட்டது.

திறந்துள்ள தடங்களின் முகப்பில் இன்றும் ஒரு சடங்கு நடக்கிறது. தூரிகைகள் பதித்த சட்டத்தில் செருப்பின் அடிப்பாகத்தைத் தேய்த்து, ஒட்டிய மண்ணையெல்லாம் உதிர்த்துவிட்டு, பிறகு கிருமிநாசினி தெளித்துக்கொண்டுதான் உள்ளே அடியெடுத்து வைக்க வேண்டும். முதன்முறை அதைச் செய்தபோது, கோயில் வாசலில் கால் கழுவிக்கொண்டு நுழையும் ஞாபகம் எனக்குத் தானாக வந்தது. ஒரேயொரு வித்தியாசம்: கோயிலில் போகும்போது மட்டும் கழுவுகிறோம், இங்கே வெளியே வரும்போதும் கழுவ வேண்டும். நம் பாவம் சந்நிதியைத் தீண்டாதிருக்க ஒருமுறை, அந்தச் சந்நிதியின் நோயை நாம் அடுத்த காட்டுக்குக் கொண்டுபோகாதிருக்க மறுமுறை.

புயலுக்குப் பின் ஒரு நாள், திறந்திருந்த தடமொன்றில் நடந்துகொண்டிருந்தேன். மரப்படிகள் ஓடையை நோக்கி இறங்கின. ஒரு திருப்பத்தில் ஐந்தாறு படிகளுக்கு அப்பால் படியும் இல்லை, படியைத் தாங்கிய மண்ணும் இல்லை. கைப்பிடிக் கட்டை மட்டும் ஒரு முனையில் ஆணி பற்றியிருக்க, மறுமுனை அந்தரத்தில் தொங்கிற்று. வெட்டுண்ட மண்சுவரில் மரப்பெரணியின் வேர்கள் பிரிந்த சடையைப் போல அசைந்துகொண்டிருந்தன. குறுக்கே ஒரு பலகை. அதில் வழி மூடப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு. அப்பால் முப்பது அடி தூரத்தில் பாதை ஒன்றும் நடவாதது போல மீண்டும் தொடங்குவது தெரிந்தது. ஓரமாகப் புதரைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடலாமோ என்று சபலம் தட்டியதை மறைக்கவில்லை. கால் வைத்திருந்த விளிம்பைக் குனிந்து பார்த்தேன். ஒரு விரற்கடை அகலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நான் நின்றிருந்த இடமும் போவதற்குத் தயாராக இருந்தது. திரும்பிவிட்டேன்.

திரும்பும்போது ஹில்லாரியையே நினைத்துக்கொண்டேன். 1977-ஆம் ஆண்டில் அவர், கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் தொடங்கி, வேகப்படகுகளில் பிரவாகத்தை எதிர்த்து இமயம் நோக்கிச் சென்றார். வழியெல்லாம் ஜனங்கள் கரையில் திரண்டு அவரை யாத்திரிகராகவே பாவித்து வரவேற்றார்கள். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி படகுகளை மறித்தது. எவரெஸ்ட்டை மிதித்தவர் அதற்குமேல் படகை விட முயலாமல் கரையேறி நடந்தார். மேலே மலையில் உயரத்தின் நோய் தாக்கவே, சிகரத்தை விட்டுவிட்டுச் சுமந்து இறக்கப்பட்டார். அதனால் அந்தப் பிரயாணத்தைத் தோல்வி என்று யாரும் சொல்வதில்லை.

இந்த விவேகத்தை நம் தேசத்திலும் அண்மையில் கண்டோம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில், மறுநாள் மாலை திருவண்ணாமலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். கார்த்திகை தீபத்துக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. 2,668 அடி உயர மலையின் உச்சிக்குத் தீபத்தன்று பக்தர்களை ஏறவிடுவது வழக்கம். அவ்வாண்டு நிபுணர்கள் மலையைச் சோதித்துப் பார்த்தபின், திருப்பணிக்கு வேண்டியவர்களைத் தவிர மற்றவர் ஏறலாகாது என்று அரசாங்கம் நிறுத்திவிட்டது. டிசம்பர் 13-ஆம் தேதி மாலை, கொப்பரையும் நெய்யும் மேலே போயின, தீபம் ஏறிற்று, லட்சோபலட்சம் ஜனங்கள் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் வீட்டு மாடிகளிலும் நின்று, கீழிருந்தபடியே கைகூப்பினார்கள். மலையைச் சுற்றுவதும் மலையை வணங்குவதே என்று வகுத்து வைத்த முன்னோரின் ஏற்பாடு, மலைக்கு ஓய்வு வேண்டியபோது எவ்வளவு உசிதமாக உதவியது!

ஆக்லந்தில் மலைத்தடங்கள் படிப்படியாகச் செப்பனிடப்பட்டு வருகின்றன. சரிந்த இடத்தை நிலவியல் பொறியாளர்கள் பார்வையிட்டு, மண் நிலைகொண்டதா என்று அறிந்த பிறகே வேலை தொடங்குகிறது. சில இடங்களில் பழைய தடத்தைக் கைவிட்டுப் புதுத்தடம் வெட்ட நேரிடுகிறது. கௌரி நிற்கும் இடங்களில் வேரை மிதிக்காதபடி தரைக்கு மேல் மரப்பலகைப் பாதை அமைக்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை நடப்பவருக்கும் வேண்டும்.

ஆகையால், ஆக்லந்தானாலும் அண்ணாமலையானாலும் சதுரகிரியானாலும், புயலுக்குப் பின் மலைவழி செல்ல நினைக்கும் அன்பர்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது நலம். புறப்படும் அன்று காலை எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று அதிகாரிகளின் அறிவிப்பைப் பாருங்கள். மழை நின்ற மறுநாளே மலை உலர்ந்துவிட்டதாக எண்ணாதீர்கள். பாதையோரத்தில் புதிய வெடிப்போ, நேற்றுவரை நிமிர்ந்து நின்ற மரம் சாய்ந்திருப்பதோ, ஓடை நீர் திடீரென்று கலங்குவதோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள். குறுக்கே பலகை கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். அவ்விடத்திலேயே நின்று, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். யாத்திரை அங்கே பூர்த்தியாயிற்று.